காய்ந்தால்தான் மணக்கும்!

பெய்ரூட்டில் பொழுது விடிவதற்கு முன்பே சூடேறிவிடுகிற கடை ஒன்று தெருவுக்குத் தெரு உண்டு. ‘ஃபுர்ன்’ என்பார்கள். ரொட்டி சுடும் அடுப்புக்கும் அதே பெயர், கடைக்கும் அதே பெயர். உள்ளே நிற்பவர் ஒரு மாவு உருண்டையைத் தட்டி வட்டமாக்கி, விரல் நுனிகளால் அதன் மேல் பள்ளம் பள்ளமாக அழுத்துகிறார். பக்கத்துக் கிண்ணத்தில், ஆலிவ் எண்ணெயில் குழைத்த பச்சையும் பழுப்புமான விழுது. அதில் ஒரு கரண்டி அள்ளி மாவின் மேல் பரப்பி, நீண்ட மரத்துடுப்பால் அடுப்புக்குள் தள்ளுகிறார். சில நிமிடங்களில் ரொட்டி வெளியே வரும்போது பள்ளங்களில் எண்ணெய் குமிழியிட்டுக்கொண்டிருக்கிறது. பள்ளிப் பிள்ளையும் டாக்ஸி ஓட்டுநரும் அதைக் காகிதத்தோடு மடித்து வாங்கி, நடந்தபடியே கடிக்கிறார்கள்.

இதுதான் ‘மனூஷே’. பொறித்தல், செதுக்குதல் என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர். விரல் அழுத்திய அந்தப் பள்ளங்களுக்காக வந்த பெயர் அது. 2023-ல் யுனெஸ்கோ, மனூஷே சுடும் வழக்கத்தை லெபனானின் மரபுச் செல்வமாகத் தன் பட்டியலில் சேர்த்தது. மாவும் எண்ணெயும் அரைக்கைப்பிடி காய்ந்த இலையும்தான் முதலீடு. அப்படிப்பட்ட ஓர் உணவுக்கு வாசம் தருவது அந்த இலை.

இலையின் பெயர் ஸாத்தர்.

பழைய நாளில் கலவையைக் கடைக்காரர் கொடுக்க வேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை. வீட்டில் கலந்த ஸாத்தரைக் கிண்ணத்தில் எடுத்துப்போய் ஃபுர்னில் கொடுத்தால், அவர் மாவில் பூசிச் சுட்டுத் தருவார். நம் ஊரில் அரிசியை மில்லுக்குக் கொண்டுபோய்த் திரித்து வருவதுபோல. மாவு எல்லோருக்கும் பொது. வாசம் மட்டும் அவரவர் வீட்டுடையது. உணவு எழுத்தாளர் பார்பரா அப்தெனி மஸ்ஸாத் இந்தத் தெருமுனைக் கடைகளை லெபனான் முழுக்கச் சுற்றிப் பார்த்து, 2005-ல் மனூஷேவுக்கென்றே ஒரு முழுப் புத்தகம் எழுதினார்.

தேர்வு நாள் காலையில் பிள்ளைகளுக்கு ஸாத்தர் ரொட்டி கொடுத்து அனுப்புவது லெபனானிலும் பாலஸ்தீனத்திலும் தாய்மார்களின் வழக்கம். ஸாத்தர் நினைவாற்றலைக் கூட்டும் என்பது அங்குள்ள நம்பிக்கை. வெண்டைக்காய் சாப்பிட்டால் கணக்கு வரும் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

வேலைக்காக துபாய், ஷார்ஜா, குவைத் என்று போன தமிழர்களுக்கும் இந்த வாசம் புதிதல்ல. அங்கே லெபனான் ரொட்டிக் கடை இல்லாத வட்டாரம் குறைவு.

நான்கு பொருள், ஆயிரம் கைப்பக்குவம்

ஸாத்தர் என்பது செடிக்கும் பெயர், கலவைக்கும் பெயர். செடி, ஓரெகானோவின் மிக நெருங்கிய உறவு. சிரியா, லெபனான், ஜோர்டான், பாலஸ்தீன மலைச்சரிவுகளில் பாறை இடுக்குகளில் தானாக முளைப்பது. கோடையின் தொடக்கத்தில் கொய்து, நிழலில் துணி விரித்து உலர்த்துவார்கள். இலை சலசலவென்று ஆனதும் காம்பை நீக்கி, கையால் நொறுக்கிச் சலித்துக்கொள்வார்கள். அதோடு வறுத்த எள், உப்பு, சுமாக். சுமாக் என்பது ஒரு புதர்ச்செடியின் சிவந்த சிறு கனிகளைக் காயவைத்து இடித்த தூள். மாங்காயை நினைவூட்டும் புளிப்பு அதற்கு. எலுமிச்சை பிழிந்தால் ரொட்டி நனைந்துவிடும். சுமாக் உலர்ந்த புளிப்பு, நனைக்காது.

எவ்வளவுக்கு எவ்வளவு என்பதில்தான் ஊருக்கு ஊர் வழக்கு. அலெப்போக்காரர்கள் சீரகம், சோம்பு, கொத்தமல்லி விதை எல்லாம் சேர்ப்பார்கள். இன்னோர் ஊரில் எள் தூக்கலாக இருக்கும், வேறோர் ஊரில் சுமாக். சாம்பார்ப் பொடிக்கு நம் வீடுகளில் எத்தனை கணக்கு உண்டோ அத்தனை கணக்கு இதற்கும் உண்டு. வெளிநாடு போகும் பிள்ளையின் பெட்டியில் அந்தப் பொடிப் பொட்டலமும் கட்டாயம் ஏறும்.

வாசம் எங்கே இருக்கிறது?

பச்சையாகக் கிடைக்காதபோது வேறு வழியில்லாமல் போட்டுக்கொள்வதுதான் காய்ந்த இலை என்று ஓர் எண்ணம் பரவலாக இருக்கிறது. பல இலைகளின் விஷயத்தில் அது உண்மையும்கூட. கொத்தமல்லித் தழையைக் காயவைத்தால் கிடைப்பது ஏறக்குறைய வைக்கோல். ஆனால் ஓரெகானோ, தைம், ரோஸ்மேரி, ஸாத்தர் ஆகியவற்றுக்கு இந்த எண்ணம் பொருந்தாது. இவை காய்ந்த பிறகே தம் முழுக் குணத்தைக் காட்டுகின்றன.

காரணம் இலையின் உடலமைப்பில் இருக்கிறது. இவை எல்லாமே துளசிக் குடும்பம். துளசி, புதினா, தும்பை, கற்பூரவல்லி எல்லாம் இந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தான். இந்த இலைகளின் மேல்தோலில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் மினுக்கும் புள்ளிகளாக, நுண்ணிய எண்ணெய்ப் பைகள் இருக்கும். வாசனை அந்தப் பைக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. விரலால் கசக்கினால் பை உடையும், மணம் கிளம்பும். மத்தியதரைக் கடலோரத்துச் சுட்டெரிக்கும் கோடையில் வாழ்கிற ஓரெகானோவின் பையில் இருப்பது கார்வக்ரால், தைமால் போன்ற கனத்த மணப்பொருள்கள். இவை எளிதில் ஆவியாவதில்லை. கொதிநிலை 230 டிகிரி செல்சியஸுக்கும் மேல். நிழலில் உலரும்போது இலையின் எடையில் ஏறக்குறைய 80 சதவீதமாக இருக்கும் நீர் போய்விடுகிறது. எண்ணெய் பெரும்பாலும் தங்கிவிடுகிறது. பச்சை இலையின் புல்வாடையும் நீரோடு கழன்றுவிடும். மிஞ்சுவது செறிவு.

கொத்தமல்லித் தழையின் மணமோ, இலகுவாகப் பறந்துவிடும் வகை. நீர் கிளம்பும்போது அதுவும் கூடவே கிளம்பிவிடும்.

இந்த வேறுபாட்டை நேப்பிள்ஸ் நகரத்துப் பீட்சாக்காரர்கள் வேதியியல் தெரியாமலே கண்டு வைத்திருந்தார்கள். அந்த ஊரின் இரண்டு மூலவர்கள் மார்கெரிட்டாவும் மரினாராவும். மார்கெரிட்டாவில் தக்காளி, சீஸ், அதன் மேல் பச்சை பேசில் இலை. மரினாராவில் சீஸ் கிடையாது. தக்காளி, பூண்டு, எண்ணெய், ஒரு சிட்டிகை காய்ந்த ஓரெகானோ, அவ்வளவுதான். பேசிலைக் காயவைத்துத் தூவுவதையும், ஓரெகானோவைப் பச்சையாகப் பரப்புவதையும் அவர்கள் ஏற்கமாட்டார்கள். எந்த இலையை எந்த நிலையில் போடுவது என்ற தீர்ப்பு அங்கே எப்போதோ எழுதப்பட்டுவிட்டது. மரினாராவைச் சாப்பிட்டுப் பார்க்காதவர்களுக்குக் காய்ந்த ஓரெகானோவின் அருமை முழுதாகத் தெரிய வாய்ப்பில்லை என்றே சொல்லலாம். சீஸின் கொழுப்பு மூடாத தக்காளியின் மேல் அந்தக் கார நெடி நேராக வந்து நிற்கும்.

இரண்டாம் உலகப் போரில் இத்தாலியில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் இந்த வாசத்தைத் தேடினார்கள். போருக்கு முன் அமெரிக்கச் சமையலறைகளில் பெரும்பாலும் அறியப்படாதிருந்த ஓரெகானோ, பீட்சாவோடு சேர்ந்து 1950-களில் அங்கே பல மடங்கு விற்பனையானது. பிறகு பீட்சா போன இடமெல்லாம் அதுவும் போனது. இன்று மதுரையிலும் திருநெல்வேலியிலும் பீட்சாவோடு வந்து குளிர்பெட்டிக் கதவில் சேர்ந்து கிடக்கிற சின்னச் சின்னப் பொட்டலங்கள் அந்தப் பயணத்தின் கடைசி நிறுத்தம். (அவற்றில் பலவும் தனி ஓரெகானோ அல்ல, உப்பும் மிளகாயும் பூண்டுத் தூளும் சேர்ந்த கலவை. உறையைத் திருப்பிப் படித்தால் தெரியும்.)

இந்த மணம் நமக்கு அந்நியமும் அல்ல. சளிக்குக் கஷாயம் வைக்கும் கற்பூரவல்லியில் முதன்மையாக இருப்பது அதே கார்வக்ரால். ஓமத்தில் இருப்பது அதே தைமால். போர்ட்டோ ரிக்கோவில் கற்பூரவல்லியை ஓரெகானோ என்ற பெயரிலேயே அழைத்துச் சமைக்கிறார்கள். நாம் அதை மருந்தாகவும் பஜ்ஜியாகவும் மட்டும் நிறுத்திக்கொண்டோம். ‘மூலிகை’ என்ற நம் சொல்லே உடனே வைத்தியரை நினைவூட்டிவிடுகிறது. சமையலுக்கான வாசனை இலைக்கென்று தனியாக ஒரு சொல் நம் பேச்சில் இல்லை. அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மெக்சிகோவின் ஓரெகானோ வேறு குடும்பம். நம் வேலியோர உண்ணிச்செடிக்கு உறவு. ஆனாலும் கார்வக்ரால் அதிலும் உண்டு. அங்கே போசோலே என்ற சோளச் சூப்பைப் பரிமாறும்போது மேசையில் காய்ந்த ஓரெகானோவையும் வைத்துவிடுவார்கள். சாப்பிடுபவர் தம் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை எடுத்து, இரு கைகளாலும் தேய்த்து, கிண்ணத்தின் மேல் உதிர்த்துக்கொள்வார். எண்ணெய்ப் பை கடைசி நொடியில், மூக்குக்கு நேராக உடைகிறது. இதைவிடச் சரியான முறை இல்லை.

மாவுக்குள் ஒரு கதி, மாவுக்கு மேல் ஒரு கதி

ரொட்டியில் காய்ந்த இலை சேர்ப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, ஒரே அடுப்பில் இரண்டு வெப்பம் இருக்கிறது என்பது. அடுப்பு 230 டிகிரியில் இருந்தாலும், ஈரம் இருக்கும்வரை ரொட்டியின் உட்பகுதி 100 டிகிரியைத் தாண்டாது. மாவோடு பிசைந்த இலை அந்த ஆவியில் வெந்து, மணத்தை மாவுக்கே கொடுத்துவிடும். மேலே வெறுமனே தூவிய இலையோ நேர்ச்சூட்டில் கருகிக் கசக்கும். மனூஷேவில் ஸாத்தரை எண்ணெயில் குழைத்துப் பூசுவதன் சூட்சுமம் இதுதான். எண்ணெய் இலையைக் கருகாமல் காக்கிறது. கூடவே, தண்ணீரில் சரியாகக் கரையாத அந்த மணப்பொருள்களைத் தன்னுள் இழுத்துக்கொண்டு ரொட்டியின் பள்ளங்களுக்குள் இறங்குகிறது. இத்தாலியின் ஃபொக்காச்சியாவிலும் இதே கதைதான்: விரல் பள்ளம், எண்ணெய், ரோஸ்மேரி.

வீட்டில் செய்பவர்களுக்கு அரைக் கிலோ மாவுக்கு இரண்டு தேக்கரண்டி காய்ந்த ஓரெகானோ அல்லது தைம் போதும். அள்ளிப் போட்டால் இன்னும் மணக்கும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் தைமாலும் கார்வக்ராலும் நுண்ணுயிர்களை அடக்குபவை. ஈஸ்ட்டும் நுண்ணுயிர்தானே, அளவு மீறினால் மாவு எழும்பத் தயங்கும். இலையை ஆலிவ் எண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ கால் மணி நேரம் ஊறவைத்துச் சேர்த்தால், குறைந்த இலையிலேயே கூடுதல் மணம் வரும். ரோஸ்மேரி காய்ந்தால் ஊசியாகிவிடும். அதை மட்டும் இடித்தே போட வேண்டும், இல்லையென்றால் பல்லிடுக்கில் குத்தும்.

பச்சை இலைக்குப் பதில் காய்ந்ததைப் போடும்போது மூன்றில் ஒரு பங்கு என்பது சமையல்காரர்களின் பொதுக் கணக்கு. அடுப்பில் நேரம் எடுக்கும் குழம்பு, பருப்பு, இறைச்சிக்கு ஓரெகானோவையும் தைமையும் தொடக்கத்திலேயே, தாளிக்கும் எண்ணெயிலேயே போட்டுவிடலாம்.

ஈரானின் தாளிப்பு, பஞ்சாபின் கசக்கல்

புதினாவின் கதை தனி. காய்ந்த புதினாவைப் பச்சைப் புதினாவின் ஏழை உறவினராக நினைத்து ஒதுக்குபவர்கள் ஈரானின் ‘ஆஷ் ரெஷ்தே’யைப் பார்க்க வேண்டும். பருப்பும் கீரையும் நூடுல்ஸும் சேர்ந்து கொதித்த கெட்டியான சூப் அது. பாரசீகப் புத்தாண்டான நவ்ரோஸில் வீடுதோறும் செய்வது. இறக்கிய பிறகு அதன் தலையில் ஊற்றுவது ‘நானா தாக்’. அதாவது, சூடான எண்ணெயில் பொரித்த காய்ந்த புதினா. நம் தாளிப்பேதான். ஆனால் கடுகைப்போல் வெடிக்கக் காத்திருக்கக் கூடாது. எண்ணெய் சூடானதும் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் புதினாவைப் போட வேண்டும். சில நொடிகளில் கரும்பச்சையாக மாறி மணம் எழும். அதற்குப் பின் ஒரு மூச்சு நேரம் விட்டாலும் கசப்பு ஏறிவிடும். துருக்கியில் இதே வித்தையை வெண்ணெயில் செய்து, தயிர் ஊற்றிய மாந்தி என்னும் குட்டிக் கொழுக்கட்டைகளின் மேல் ஊற்றுகிறார்கள். தயிர்சாதத்துக்கு இந்தத் தாளிப்பு எவ்வளவு பொருந்தும் என்பதைச் செய்து பார்த்தவர்கள் சொல்வார்கள்.

நம் சமையலறைக்கு மிக அருகில் வந்துவிட்ட காய்ந்த இலை, கசூரி மேத்தி. பெயரில் இருக்கும் கசூர், லாகூருக்குத் தெற்கே எல்லையை ஒட்டிய ஊர். சூஃபிக் கவிஞர் புல்லே ஷாவின் அடக்கத்தலம் அங்கேதான். அந்த ஊர் மண்ணில் விளைந்த சிறிய இலை வெந்தயம், வாசத்துக்குப் பெயர்பெற்றது. 1947-ல் கசூர் பாகிஸ்தானுக்குப் போனது. இந்தியக் கடைகளில் இன்று கசூரி என்ற பெயரில் கிடைக்கும் இலையில் பெரும்பங்கு ராஜஸ்தானின் நாகௌர் பகுதியில் விளைவது. இலை வேறு மண்ணுக்கு மாறிவிட்டது. பெயர் மட்டும் எல்லைக்கு அப்பாலேயே நிற்கிறது.

வெந்தயத்தின் மணத்துக்குச் சொட்டலான் என்ற பொருள் காரணம். மிக மிகச் சிறிய அளவிலேயே மூக்குக்கு எட்டிவிடும். 2005 முதல் நியூயார்க் நகரத்தில் அவ்வப்போது காற்றில் இனிப்புப் பாகு வாசம் வீசி, மக்கள் அவசர எண்ணுக்கு அழைக்கும் அளவுக்குக் குழப்பம் நேர்ந்தது. 2009-ல் கண்டுபிடித்தார்கள்: ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூஜெர்சியில் ஒரு ஆலை வெந்தயத்தைப் பதப்படுத்திக்கொண்டிருந்தது.

அந்த வாசத்தைக் கையாளப் பஞ்சாபிச் சமையல்காரர்களிடம்தான் கற்க வேண்டும். வெறும் சட்டியில் லேசாகச் சூடு காட்டி, உள்ளங்கையில் நொறுக்கி, இறக்குவதற்கு ஓரிரு நிமிடங்கள் முன்பு தூவுவார்கள். பருப்பு மக்கனியில் வெண்ணெயும் கிரீமும் இருப்பதால் மணம் கொழுப்பில் இறங்கிவிடும். பரோட்டா மாவில் சேர்க்கும்போது ஓமமும் கூட வரும். காய்ந்த இலை மாவின் ஈரத்தைக் குடிக்கும் என்பதால், பிசைந்த மாவைக் கால் மணி நேரம் மூடி வைப்பது முக்கியம்.

மலையிலிருந்து சந்தைக்கு

ஸாத்தர் என்ற இவ்வளவு எளிய இலைக்குப் பின்னால் வழக்குகளும் காயங்களும் இருக்கின்றன. 1977-ல் இஸ்ரேல் காட்டு ஸாத்தரைப் பாதுகாக்கப்பட்ட தாவரமாக அறிவித்து, பறிப்பதைத் தடை செய்தது. செடி அழிந்துவிடாமல் காப்பதற்கு என்றது அரசு. தலைமுறைகளாக அதே சரிவுகளில் கூடையோடு ஏறியிறங்கிய பாலஸ்தீனக் குடும்பங்கள், ஒரே நாளில் சட்டத்தை மீறியவர்களாகிவிட்டார்கள். அபராதமும் நீதிமன்றமும் வந்தன. கலைஞர் ஜுமானா மன்னா 2022-ல் எடுத்த ‘ஃபோரேஜர்ஸ்’ படம் இந்த மோதலைத்தான் பேசுகிறது. செடியைக் காக்க வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. ஆனால் வீட்டு ரொட்டிக்கு ஒரு பிடி பறித்த பாட்டியையும் வண்டி வண்டியாக வெட்டி விற்றவரையும் ஒரே தராசில் வைத்த சட்டத்தை நியாயம் என்று சொல்ல மனம் வரவில்லை.

பெய்ரூட்டின் புறநகரில் இருந்த ஒரு பாலஸ்தீன அகதி முகாமின் பெயர் தல் அல்-ஸாத்தர். ‘ஸாத்தர் குன்று’ என்று பொருள். லெபனான் உள்நாட்டுப் போரில் முற்றுகையிடப்பட்டு 1976 ஆகஸ்டில் அது வீழ்ந்தது, ஏராளமானோர் கொல்லப்பட்டார்கள். அரபு உலகில் ஒரு தலைமுறைக்கு அந்த இலையின் பெயரே துக்கத்தோடு சேர்ந்துதான் நினைவுக்கு வருகிறது.

2019-க்குப் பிறகு லெபனான் நாணயம் சரிந்தபோது, ஏழைகளின் காலை உணவான மனூஷேயின் விலையேற்றமே அங்கே பேசுபொருளானது. மாவு, எள், எரிபொருள் எல்லாம் ஏறிவிட்டிருந்தன.

சந்தையில் வேறொரு சிக்கல், கலப்படம். 2015-ல் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் கிறிஸ் எலியட், பிரிட்டன், அயர்லாந்து கடைகளிலும் இணையத்திலும் வாங்கிய 78 ஓரெகானோ மாதிரிகளைச் சோதித்தார். ஏறக்குறைய நான்கில் ஒன்றில் வேறு இலை கலந்திருந்தது. பெரும்பாலும் ஆலிவ் இலையும் மிர்ட்டில் இலையும். கலப்படம் இருந்த பொட்டலங்களில் 30 முதல் 70 சதவீதம்வரை ஓரெகானோவே அல்ல. 2021-ல் ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம் மசாலாப் பொருள்களைப் பரிசோதித்தபோது, ஓரெகானோவில் மட்டும் 48 சதவீத மாதிரிகள் சந்தேகத்துக்குரியவையாக இருந்தன. மிளகையும் மஞ்சளையும்விட இது மோசம். பொடித்த இலையில் எது எது என்று கண்ணால் சொல்ல முடியாது என்பதுதான் ஏமாற்றுபவரின் துணிவு.

ஆகவே, முடிந்தவரை முழு இலையாக வாங்குவது நல்லது. கிரீஸிலும் சிசிலியிலும் பூங்கொத்துபோல் காம்போடு கட்டி விற்கிறார்கள். அதில் கலப்படம் செய்வது கடினம். இங்கே அது கிடைக்காது. ஆனால் பொட்டலத்தைத் திறந்ததும் ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் கசக்கி முகர்ந்து பார்க்கலாம். நெடி உடனே மூக்கில் ஏறவில்லை என்றால் அது பழையது அல்லது வேறொன்று. அடுப்புக்கு மேல் அலமாரியில் கண்ணாடிப் பாட்டிலில் அழகாக அடுக்கி வைப்பது இலைக்கு மிகக் கெட்ட இடம். சூடும் வெளிச்சமும் ஆவியும் சேர்ந்து ஆறே மாதத்தில் மணத்தைத் தின்றுவிடும். மூடிய டப்பாவில், இருட்டான இடத்தில், முழு இலையாக வைத்தால் ஒரு வருடம் தாங்கும். பொடித்தால் ஆயுள் பாதி.

வீட்டுத் தொட்டியில் புதினா நிறைய வந்துவிட்டால் உலர்த்தி வைக்கலாம். வெயில் வேண்டாம், நிறமும் மணமும் போய்விடும். காற்றோட்டமுள்ள நிழலில் மெல்லிய துணியில் ஒற்றை அடுக்காகப் பரப்பினால் போதும். கற்பூரவல்லி சதைப்பற்றான இலை என்பதால் நிழலில் மெதுவாக உலரும், பூஞ்சை பிடிக்கவும் வாய்ப்புண்டு. அதைப் பச்சையாகவே பொடிப்பொடியாக நறுக்கி, பூண்டோடு வெண்ணெயில் வதக்கி, ரொட்டியில் தடவுவதே மேல். கொத்தமல்லியைக் காயவைக்க முயலவே வேண்டாம்.

இந்த வேலை நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியாததும் இல்லை. பங்குனி வெயிலில் வேப்பமரத்தடியில் பழைய புடவையை விரித்து வைத்து, உதிர்ந்த பூவை அள்ளி, காம்பும் தூசும் போகப் புடைத்து, காயவைத்து ஜாடியில் நிரப்புவார்கள். சித்திரை முதல் நாள் அதில் ஒரு பிடி எடுத்து, நெய்யில் கருஞ்சிவப்பாக வறுத்து ரசத்தில் கொட்டும்போது எழுகிற அந்தக் கசந்த மணம் கூடம்வரை வரும். ஜாடியில் மீதி இருப்பது அடுத்த பங்குனிவரை.